தங்கைக்கு முன்மொழிந்தவன்

என் தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அவர்களில் யாரும் தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள் இல்லை.

டெங்கில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தோம். அப்பா சீக்கிரம் காலமானார். நான் லோரியில் மூட்டை ஏற்றப் போனேன். தங்கை பள்ளிக்கூடம் போனார், தாதியானார். பிறகு கிள்ளானில் நான் சொந்தமாக லோரிகள் வாங்கினேன். கடன் கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, "எம்மவ நர்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். வாசலில் நிற்கும் லோரி அவர் கண்ணில் படாது. எனக்கு வயிறு எரியும்.

இளம் வயதிலேயே கணவரை இழந்த தங்கை, ஒரே மகனைத் தனியாக நின்று ஆளாக்கினார். மேருவில் இருவர் வீடும் ஒரே வரிசையில்தான். நாங்கள் குடியிருக்கும் தாமானுக்கு, அந்த வீடமைப்புப் பகுதிக்கு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஆலை வந்தது. மிச்சத்தை அங்கேயே எரித்தார்கள், கழிவுநீரை ஆற்றில் விட்டார்கள். கிளினிக்குக்கு இருமிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தங்கைக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றதும் புகார் கொடுக்க அலைந்தார். யாரும் கேட்கவில்லை.

சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது தாமான் மக்கள் கூட்டமாகத் தெருவுக்குள் நுழைந்தார்கள். கோயில் தலைவர் நான்தானே, நம்மை நிற்கச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்கள் "வணக்கம்ணே" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குள் போனார்கள். புகையை நிறுத்த வேண்டும், ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று தங்கை சுயேச்சையாக நின்றார்.

வேட்புமனுவை முன்மொழிய ஓர் ஆள் வேண்டும். அதற்கும் என்னைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வியைக் கேட்டிருந்தார். மனுத் தாக்கல் அன்று காலை நான் மண்டப வாசலில் தள்ளியே நின்றேன். அங்கே ஒருவர் வாக்காளர் பட்டியலை ஃபோனில் பார்த்துவிட்டு, செல்விக்கு இந்தத் தொகுதியில் ஓட்டே இல்லை, முன்மொழிய முடியாது என்றார். செல்வியும் எங்கள் தோட்டத்துப் பெண். தோட்டத்தை விட்டு வந்து பல வருஷமாகியும் ஓட்டை மாற்றவில்லை. தேர்தல் என்றால் பழைய ஆட்கள் எல்லாரும் வேன் பிடித்து டெங்கிலுக்குப் போய், ஓட்டுப் போட்டு, சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புவார்கள். அந்த வழக்கத்தை விட அவருக்கு மனசில்லை. "டெங்கிலும் சிலாங்கூருதானே, ஓட்டு எங்க இருந்தாலும் சரின்னு நெனச்சேன்கா" என்று அழுதார்.

மனு வாங்கும் நேரம் முடியப்போகிறது. முன்மொழிபவர் பெயரை எல்லார் பார்வைக்கும் வெளியே ஒட்டுவார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அந்த ஆலையில்தான் சம்பளம். தலையைக் குனிந்துகொண்டார்கள். என் லோரிகளும் அந்த ஆலைக்குத்தான் ஓடின. நானும் தரையைப் பார்த்தேன்.

அப்போது மளிகைக் கடை முத்து கையைத் தூக்கினார்.

"நான் போடறேன்கா."

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாக நிற்கும்போது கடைக்காரரா கையெழுத்துப் போடுவது?

"நீங்க வேண்டாம்ணே," என்றார் தங்கை. "உங்க லோரி அங்கதானே ஓடுது."

"என் லோரி கதை எனக்குத் தெரியும்லா. பேனாவக் குடு."

நல்ல வேளையாக இன்னொரு வெற்று மனு இருந்தது. போட்டேன். மறு வாரமே ஆலை என் லோரிகளை நிறுத்தியது. சிலவற்றை விற்றேன். மீதி இப்போது துறைமுகத்துக்கு ஓடுகின்றன. நான் விழுந்த இடத்தில் கிடக்கிறவன் இல்லை.

தங்கை தோற்றார். ஆனால் இத்தனை பேர் புகைக்காக ஓட்டுப் போட்டதைப் பார்த்த பிறகு, வென்றவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஆலைக்குப் பூட்டு விழுந்தது. அந்தப் பேரும் தங்கைக்கே போனது. என் லோரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் சிறுநீரகக் கோளாறு அவரைப் படுக்க வைத்தது. ஆஸ்பத்திரியில், "அடுத்த தடவை நீங்க நில்லுங்கண்ணே" என்றார். எனக்கு ஏது படிப்பு என்றேன். "பேசத்தானே போறீங்க. நீங்க வாய மூடி நான் பாத்ததே இல்லையே" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

இரவு பகலாக உடனிருந்த செல்விக்கு நன்றி. கவனித்துக்கொண்ட தாதிகளுக்கும், மழையில் வந்து நின்ற தாமான் மக்களுக்கும் நன்றி. இறுதி ஊர்வலத்தில், "ஒங்களுக்கு முட்டி வலிண்ணே" என்று என்னை விலக்கிவிட்டு முன்னால் தோள் கொடுத்தாரே, அந்த முத்துவுக்கும் நன்றி. கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சொல்கிறேன்.

அன்று அத்தனை பேரும் "அக்கா, அக்கா" என்று அழுதார்கள். அழட்டும், ஊருக்கெல்லாம் அவர் அக்காதான். தங்கச்சி என்று கூப்பிட்டவன் நான் ஒருவன். அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.