அரை இஞ்ச் வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் திரைச்சீலைக் கடையில் ஜன்னல் அளவெடுப்பவருக்கு 'அரை இஞ்ச்' என்று பெயர். வைத்தவள் நான்தான். அவர் எழுதிவரும் அளவுக்குத் துணி வெட்டித் தைப்பது என் வேலை. பதினெட்டு வருஷத்தில் அவர் அளவு அரை இஞ்ச் கூடியதில்லை, குறைந்ததில்லை. அதைத் தினம் இரண்டு தடவையாவது சொல்லிக்காட்டுவார் என்பதால் நமக்கும் மறக்க வழியில்லை.

அப்பேர்ப்பட்டவர் போன மழைக்காலத்தில் ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கினார். அதை ஃபோன் என்று சொன்னால் அவர் முகம் சுண்டிப்போகும்.

"இது கம்ப்யூட்டர். பையில வெச்சுக்கற மாதிரி செஞ்சிருக்கான். வேணும்னா பேசவும் பேசலாம்" என்பார்.

இதை வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு பெரிய காரணம் வைத்திருக்கிறார்கள். முதலாளி வியாபாரத்துக்கென்று வாங்கினார். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சீட்டு விளையாடுகிறார். நான் தையல் டிசைன் பார்க்க வாங்கினேன். ஓரகத்தியின் புது வீட்டு ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வயிறெரிகிறேன். அரை இஞ்ச் சொன்ன காரணம் தொழில். உண்மைக் காரணம் அவர் மச்சான். மச்சான் வைத்திருந்ததைவிட இது ஒரு விரல் அகலம் பெரியது. அளந்து பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.

விலையில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்குமென்று வீட்டிலிருந்த பட்டன் ஃபோனை ஃபோன் கடையில் கொடுத்துவிட்டார். அது அவர் மனைவி கையில் இருந்தது. சிம் கார்டைத்தான் இதில் போட்டாச்சே, நம்பர் அதே நம்பர், உனக்கென்ன குறை என்று கேட்டாராம். அந்தம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். ஆஸ்பத்திரியின் துணி அறையில் தையல் வேலைக்கு மனுப் போட்டு, நேரில் தைத்தும் காட்டி, அந்த நம்பரைத்தான் எழுதிக்கொடுத்திருந்தார். நாங்களே கூப்பிடுவோம், வந்து வந்து நிற்காதீர்கள் என்று அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் கிழிசலை வீட்டில் உட்கார்ந்து தைத்தவர். மாதச் சம்பளத்தையும் தனக்கென்று ஒரு நாற்காலியையும் நினைத்துத் தூங்காமல் கிடந்தார்.

இவரோ கேமராவை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் நீள அகலம் சொல்லும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். நடுவில் யாராவது கூப்பிட்டால் அளக்கிற கோடு அழிந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. அதனால் எந்தக் காலும் வராதபடி ஃப்ளைட் மோடில் போட்டார். விமானத்தில் ஏறுகிறவர்களுக்கு வைத்ததை ஸ்டூலில் ஏறுகிறவர் பிடித்துக்கொண்டார். சார்ஜும் மிச்சமாகிறதே என்று பிறகு வேலை நேரம் முழுக்க அப்படியே விட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அதை எடுத்துவிடுவார். கால் வந்ததா என்று மனைவி தினமும் கேட்பார். வரவில்லை என்பார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் திரைச்சீலை ஆர்டர் வந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் அளந்த மூன்று திரைகள் நாலு விரற்கடை குட்டையாகத் தொங்கியிருந்ததால், டேப்போடு என்னையும் கூட அனுப்பினார் முதலாளி.

துணி அறைக்குப் போனோம். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த பெண் நாற்காலியை நகர்த்தி எங்களுக்கு இடம் விட்டாள். நல்ல வேலையாச்சே என்று பேச்சுக் கொடுத்தேன்.

"என் அதிர்ஷ்டம்க்கா. லிஸ்ட்ல எனக்கு முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்களாம். மூணு நாள் கூப்பிட்டிருக்காங்க. எப்பவும் ஸ்விட்ச் ஆஃப். பாவம், ஒரு ஃபோனுக்குக்கூட வழியில்ல போல."

ஸ்டூல் மேல் நின்றிருந்த அரை இஞ்ச், கம்ப்யூட்டர் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினார். மெதுவாக இறங்கினார். ஃபோன் திரையைத் தேய்த்து அந்த விமானப் படத்தை அமுக்கி அணைத்தார். இதைத்தான் தினமும் காலையிலேயே செய்திருக்க வேண்டும் என்று கத்தலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. மணி ஒன்று. கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. பக்கத்து வீட்டு நம்பர். சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்து, அந்த வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கி மனைவி பேசினார். எனக்கும் கேட்டது.

"ஏங்க, இன்னிக்காவது அங்கேருந்து கூப்பிட்டாங்களா?"

அவர் அந்தப் பெண்ணின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கூப்பிட்டாங்க" என்றார். "நான்தான் எடுக்கல."

மிச்ச ஜன்னல்களை நான்தான் டேப் பிடித்து அளந்தேன்.