ராணி வேடமும் புதுத்தோலும்

பஞ்சு சுற்றிய குச்சியின் நுனி பட்ட இடமெல்லாம் என் கணவரின் கன்னம் வெளுத்துக்கொண்டே வந்தது. மாநிறத் தோலில் திருநீறு சிந்தியதுபோல முதலில் ஒரு பொட்டு, பக்கத்தில் இன்னொன்று, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு திட்டு. அறை முழுக்கக் கார்பாலிக் வாடை. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. டாக்டர் ஒரு கையால் மருந்தைத் தொட்டு வைத்துக்கொண்டே மறு கையால் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. பகல் வெளிச்சத்தில், இவ்வளவு பக்கத்தில் நின்று, அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். அது பகல் வேலை. பொழுது சாய்ந்தால் நாடக சபை. அங்கே அவர் ஸ்திரீபார்ட். பெண் வேடங்கள் எல்லாம் அவருக்குத்தான். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவதை நினைத்தும் பார்க்க முடியாத காலம். ஆண்களே ராணியாகவும் தோழியாகவும் வந்து அழுதார்கள், பாடினார்கள். ஜார்ஜ்டவுனில் தமிழ் பேசுகிறவர்களுக்கு அவருடைய ராணி வேடம் என்றால் தனி மரியாதை. எனக்கு மட்டும் அது வெட்கமாக இருந்தது. நான் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்த புதிதில், குழாயடியில் பெண்கள் கேட்பார்கள்: "ஏன் அக்கா, உங்க சேலைய நீங்க கட்டுவீங்களா, அவரு கட்டுவாரா?" சிரித்து மழுப்பிவிட்டு வருவேன். அதனாலேயே அவருடைய நாடகம் ஒன்றைக்கூட நான் போய்ப் பார்த்ததில்லை.

சின்ன வயதில் வந்த முகப்பரு அவருக்கு இரண்டு கன்னங்களிலும் குழி குழியாக வடு வைத்துவிட்டுப் போயிருந்தது. வேடத்துக்காக அழுத்தி அழுத்திச் சவரம் செய்ததும், தேங்காயெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பூச்சை வாரா வாரம் அப்பியதும் சேர்ந்து, ஆற வேண்டியதை ஆறவிடாமல் வைத்திருந்தன. வீட்டில் அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். என்னோடு பேசும்போதும் முகத்தைப் பாதி திருப்பியே பேசுவார். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

கேஸ் விளக்குகள் இருந்தவரை மேடையில் அந்தக் குழிகள் தெரியவில்லை. சபை நாடகம் போடும் மண்டபத்துக்கு மின்விளக்கு வந்தது. மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு நிழலாக நின்றிருக்கிறது. ராணி பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிற இடம். முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ராணிக்கு அம்மை போட்டிருக்குலா!" கொட்டகையே சிரித்ததாம். அவர் பாட்டை நிறுத்தவில்லை, கடைசி அடிவரை பாடி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார் என்று சபையை நடத்திய வாத்தியார் பின்னால் என்னிடம் சொன்னார். என் கணவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் துண்டோடு கதவருகில் நின்றேன். துண்டை வாங்கினபோதும் என் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்களில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரும் உண்டு. நாடகப் பைத்தியம். சீமையில் படித்தவர். அடுத்த வாரம் அவராகவே ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார்.

"நான் சீமையில படிக்கேக்க வெள்ளைக்காரப் பெண்டுகளுக்கு இந்த வைத்தியம் செய்யிறதைப் பார்த்தனான். கார்பாலிக் அமிலம் தொட்டு வைச்சால் மேல்தோல் வெந்து உரிஞ்சு போகும். அடியில புதுத்தோல் வரும்" என்றார்.

"குழி போயிருமா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"முழுக்கப் போகாது. ஆழம் குறையும். ஆனால் எங்கட தோலுக்கு எப்பிடி வருமெண்டு சொல்ல ஏலாது. கறுத்தாலும் கறுக்கும், வெளுத்தாலும் வெளுக்கும். அவசரப்பட வேண்டாம். யோசிச்சுச் சொல்லும்."

என் கணவர் யோசிக்கவில்லை. நான்தான் யோசித்தேன். கார்பாலிக் என்றால் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிச் சாக்கடையில் ஊற்றுகிற மருந்து. அதை முகத்தில் தடவுவதா? திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் கேட்டேன், "யாரோ ஒரு குடிகாரன் கத்தினதுக்காக முகத்தைப் பொசுக்கிக்கணுமா?" அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் குடிச்சிருக்கலை. கண்ணுக்குத் தெரிஞ்சதைச் சொன்னான்."

டாக்டர் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். அது ஆறி, நிறமும் மாறாமல் வந்த பிறகே கன்னத்தைத் தொட்டார். அதுவும் ஒரே நாளில் இல்லை. மருந்து அதிகம் உள்ளே இறங்கினால் இருதயத்தைப் பிடிக்கும் என்று, ஒரு கன்னம் ஆறும்வரை மறு கன்னத்துக்குப் போகவில்லை. அவர் கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டார். வெயில் ஆகாது, அடுப்புச் சூடு ஆகாது, சவரக்கத்தி ஆகாது, வேடப்பூச்சு ஆகவே ஆகாது என்று டாக்டர் அடுக்கினார். சூலியா தெருவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, சாக்குத் துணியை நனைத்துத் தொங்கவிட்டேன். அவர் பாயில் கிடந்தார்.

முதல் இரண்டு நாள் கண் மூடிப் போகுமளவுக்கு வீக்கம். பிறகு கன்னம் பழைய தோல் செருப்புப்போலக் காய்ந்து பழுப்பாக இறுகியது. சிரிக்கவும் மெல்லவும் முடியாது. கஞ்சியைத்தான் கொடுத்தேன். போரிக் களிம்பைக் கோழி இறகில் தொட்டுத் தடவுவேன். பக்கத்து வீட்டு நோன்யா அம்மாள், மலாய் பேசுகிற சீனக் குடும்பத்துக்காரர், பெடாக் சிஜுக் என்கிற அரிசிமாவு முகப்பூச்சு உருண்டைகளைக் கொண்டுவந்து, குளிர்ச்சியாக இருக்கும், தடவு என்றார். டாக்டருக்குப் பயந்து அதை வாங்கி என் முகத்தில் பூசிக்கொண்டேன். அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, போ அந்தப் பக்கம்" என்றார்.

அந்த வாரங்களில்தான் நாங்கள் பேசினோம். முகத்தைத் திருப்ப முடியாமல் மல்லாந்து கிடந்த மனிதர், கூரையைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்குப் பலாப்பழம் என்று பேர் வைத்ததை. முதல்முதலாக வேடம் கட்டின அன்று கண்ணாடியில் வேறொரு முகம் தெரிந்ததும் அழுகை வந்ததை. "அந்த முகத்தோட இருந்தா யாரு முன்னாடியும் நிக்கலாம்னு தோணும்" என்றார். கட்டிக்கொண்டவள் முன்னால் நிற்கக்கூட ஒரு வேடம் தேவைப்பட்டிருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. காய்ந்த தோல் ஓரத்தில் மெல்லக் கிளம்பி, உரிந்து, உள்ளிருந்து கன்றுக்குட்டியின் மூக்குப்போலச் சிவந்த தோல் எட்டிப் பார்த்தது. தாடி முளைத்துவிட்டது. அந்தத் தாடியோடும் சிவந்த கன்னத்தோடும் அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசினார். சீக்கிரம் ஆறிவிடக் கூடாதே என்றுகூட ஒரு நினைப்பு எனக்கு ஓடியது.

இரண்டு கன்னமும் ஆறியபோது குழிகள் பாதிக்குமேல் தூர்ந்திருந்தன. டாக்டருக்கே ஆச்சரியம். "நல்லா வந்திருக்கு. ஆனால் இது குழந்தைப்பிள்ளையின்ர தோல். மழைக்காலம் முடியும்வரை பூச்சு வேண்டாம், விளக்கு வேண்டாம்" என்று எச்சரித்தார்.

அடுத்த வாரமே வாத்தியார் வந்துவிட்டார். ஒரு கோயில் நிதிக்காக நாடகம், நாள் குறித்தாகிவிட்டது. "நீ வரலேன்னா வேற ஆளப் போடுறேன் தம்பி. தப்பா எடுத்துக்காதே. ஜனங்க ராணியக் கேக்கிறாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அது எனக்கு நிச்சயம் தெரியும்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றேன்.

"இருக்கு."

"கறுத்துப் போகும்."

"போகட்டும். ஒருவாட்டி அந்த வெளிச்சத்துல நின்னு பாத்துர்றேன்."

"சரி, போங்க. நானும் வரேன்" என்றேன். வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று சாயங்காலம் என் மாம்பழ நிறச் சேலையை நானே அவருக்குக் கட்டிவிட்டேன். கொசுவத்தை அவர் என்னைவிட நேர்த்தியாகப் பிடித்தார். பிறகு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். நோயில் விழுந்த ராஜாவுக்கு ராணி காவல் இருக்கிற காட்சி. விளக்கு முழுசாக அவர் முகத்தில் விழுந்தது. கன்னத்தில் ஒரு நிழல் இல்லை. பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், "யாரு பெத்த பிள்ளையோ, எவ்வளவு லட்சணம்" என்றாள். ஆனால் நான் முகத்தைப் பார்க்க மறந்துபோனேன். ராணி ராஜாவின் தலைமாட்டில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து விசிறினாள். கை ஓய்ந்ததும் விசிறியை மறு கைக்கு மாற்றி, ஓய்ந்த கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டாள். நோயாளி முனகினான். ராணி ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து அவன் முகத்துக்கு நேராக மெல்ல ஊதினாள். அது நான். மேடையில் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக் கிடக்கிறார் என்று நான் நினைத்த அத்தனை நாளும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பாட்டே இல்லாத அந்த இடத்தில் கொட்டகை மூச்சுவிடவில்லை.

நாடகம் முடிந்து அவர் முகத்தைக் கழுவியபோதே எரிச்சல் தொடங்கிவிட்டது. ஒரு மாதத்துக்குள் இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டுகள் படர்ந்தன. டாக்டர் மேசையைத் தட்டிக் கோபித்தார். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்தானே!" கொஞ்ச நாள் கழித்துக் கோபம் ஆறி, மறுபடியும் மெல்லிசாக ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று அவரே கேட்டார். என் கணவர் கும்பிட்டு, போதும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ராணி வேடம் இல்லை. தகப்பன், மந்திரி, ராஜா என்று சில வருஷம் நடித்தார். பேசும் படம் வந்து சபையும் கலைந்தது. திட்டுகள் கடைசிவரை போகவில்லை. பட்டர்வொர்த் ஃபெரியில் யாராவது, "என்ன அண்ணே முகத்துல?" என்று கேட்டால், நிமிர்ந்து, "வெயில்ல நின்னேன் தம்பி" என்பார். வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சாப்பாடு என் எதிரில்.

இப்போது இந்த ஊரில் தோல் உரிக்கிற வைத்தியத்துக்குத் தனித்தனி கிளினிக் இருக்கிறது. மாடி வீட்டுப் பெண் போன மாதம் செய்துகொண்டாள். வாடையும் இல்லை, வீக்கமும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு படியேறியவள், "டாக்டர் வெயில்ல போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு பாட்டி, ஒரு வாரம் உள்ளதான் இருக்கணும், போரிங்லா" என்றாள். டாக்டர் சொன்னபடி கேள் என்றேன். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். அந்த ஒரு வாரம் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாமென்று நாலு படி ஏறினேன். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "காட்டு, பாக்கிறேன்" என்றது. நான் சத்தம் காட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.