லுவா ஒருத்தியிடம் மட்டும் சொன்னது

ஹனோயில் ஏரிக்குப் பக்கத்துச் செருப்புக்கடைத் தெருவில் லுவாவும் நானும் ஒரே கடையில் வேலை பார்த்தோம். தங்கியிருந்ததும் ஒரே அறையில்தான். திங்கள் முதல் சனி வரை அவள் செருப்பு விற்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாணவி.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலவசமாக ஊரைச் சுற்றிக்காட்டும் மாணவர் குழு ஒன்றில், கல்லூரிக்கு வந்த முதல் வருஷமே அவள் சேர்ந்திருந்தாள். காசு வாங்க மாட்டார்கள். பேசிப் பேசி ஆங்கிலம் படிந்தால் அதுவே கூலி. மூன்றாம் வருஷம் புள்ளியியலில் மூன்று தடவை தோற்றதும் பல்கலைக்கழகம் அவள் பேரை நீக்கிவிட்டது. குழுவுக்கு அது தெரியாது. கொடுத்த நீல அட்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பாள். அந்த நேரத்தில் அவளிடம் ஏதாவது கேட்க எனக்கு வாய் வராது.

அவள் அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவின் பேர் சாம், நாம் தின் என்கிற ஊர்ப் பக்கம் சந்தையில் மீன்சாறு விற்பவர். புருஷன் போன பிறகு தனி ஆளாய் மகளை வளர்த்தவர். பீஸ் கட்டவேண்டிய மாதம் வந்தபோது லுவா, "உதவித்தொகை கிடைச்சிருச்சும்மா, நீ அனுப்ப வேணாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். அம்மா அதைச் சந்தை முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனார். எனக்கும் அதுவரை லுவா வாயால் எதுவும் சொன்னதில்லை. கூட வேலை பார்த்ததால் தெரிந்தது, அவ்வளவுதான்.

லென்கா வந்தது ஓர் அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை. செக் நாட்டுக்காரி, லுவா வயதுதான். தனியாக ஊர் ஊராகப் போகிறவள். ஹனோய்க்கு அவள் ஒதுக்கியது ஒரே ஒரு பகல். முதுகில் ஒரு பை, கையில் விடுதியில் பிடித்த தண்ணீர் பாட்டில். டாக்சி வேண்டாம், எல்லாம் நடைதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பார்த்ததையெல்லாம் இணையத்தில் எழுதுவாளாம், ஊரில் நிறையப் பேர் படிப்பார்களாம்.

மத்தியானம் சுட்ட பன்றிக்கறியும் சேமியாவும் விற்கிற பிளாட்பாரக் கடையில், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் போதும் என்றாள். கடைக்காரம்மா விசிறியை நிறுத்திவிட்டு, "ஏன் பாப்பா, வெள்ளக்காரிக்கு வயிறு சின்னதா, மனசு சின்னதா?" என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்று லென்கா கேட்டாள்.

"நீ ஒல்லியா அழகா இருக்கியாம்" என்றாள் லுவா.

லென்கா எழுந்து நின்று கும்பிட்டாள். கடைக்காரம்மாவுக்கே வெட்கமாகி, இன்னும் நாலு துண்டு கறி போட்டுக் கொடுத்தார். இதைச் சொல்லும்போதுகூட லுவா சிரித்தாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் பிற்பாடு ஒரே ஒரு தடவை எனக்கு முழுசாகச் சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு இலக்கியக் கோயிலுக்குப் போனார்கள். பழைய காலத்துப் பரீட்சையில் தேறியவர்களின் பேரைப் பொறித்த பலகைகளைக் கல் ஆமைகள் முதுகில் சுமந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் ஆமைத் தலையைத் தொட வருவார்கள். தேய்ந்துபோகிறது என்று வேலி போட்டிருக்கிறார்கள்.

"நீயும் தொட்டிருக்கியா?" என்று கேட்டாள் லென்கா.

"வேலிக்கு மேல எக்கித் தொட்டேன். காவல்காரர் விரட்டிட்டு வந்தார்."

"பலிச்சுதா?"

"மூணு தடவை பெயிலு" என்று சொல்லிச் சிரித்தாள் லுவா. சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பேர் நீக்கியது, செருப்புக்கடை, இல்லாத உதவித்தொகை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளைச் சட்டைக்குள் நுழைவது, எல்லாம். நாளைக்கு இந்த ஊரில் இருக்கப்போகாதவள் என்கிற தைரியம்தான். லென்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாளாம்.

"இத எழுதிட மாட்டியே?" என்றாள் லுவா.

"இதையா? சேச்சே! சத்தியமா மாட்டேன்" என்று லென்கா நெஞ்சில் கை வைத்தாள். பிறகு ஆமைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்த லுவா குளிக்கும்போது பாடினாள். அதற்கு முன் அவள் பாடி நான் கேட்டதில்லை. "அக்கா, இன்னிக்கு ஒரு நல்ல பொண்ணப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை கதவைத் தட்டினார்கள். திறந்தால் சாம் அம்மா. எப்போது வந்தாலும் இரண்டு கையும் கொள்ளாமல் அரிசியும் வாத்து முட்டையும் மீன்சாறு பாட்டிலுமாக வருகிறவர், அன்று கையில் போனை மட்டும் வைத்திருந்தார். லுவா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"காலேஜ் பசங்களோட... குழு வேலைம்மா."

அம்மா போனை நீட்டினார். ஆமைக்குப் பக்கத்தில் லுவா சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே செக் மொழியில் நீளமாக எழுத்து.

அம்மாவின் தங்கை செக் நாட்டில் பிர்னோ நகரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். இருபது வருஷமாகியும் அவருக்கு அந்த மொழி படிக்கத் தெரியாது. அங்கேயே பிறந்த அவர் மகனுக்குத் தெரியும். தன் அம்மாவின் நாட்டைப் பற்றி எதையோ தேடியவன் கண்ணில் அக்காவின் படம் பட்டிருக்கிறது. முழுசையும் போனிலேயே வரி வரியாகப் பெரியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான், அக்காவைப் பற்றி இவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார்களே என்கிற பெருமையில்.

"இல்லாத காலேஜுக்குப் போற பொண்ணாம். தலைப்பே அதானாம்" என்றார் அம்மா. குரல் உயரவே இல்லை. "அந்தப் பொண்ண உனக்கு எத்தன நாளா தெரியும்?"

"ஒரு நாள்."

"ஒரு நாள் கூட இல்லடி. காலையில பார்த்து சாயங்காலம் போனவ. அவகிட்ட சொல்ல முடிஞ்சது உன்னால. பதினாலு மாசமா வாராவாரம் நான் போன் பண்றேன்."

"உனக்கு வருத்தமா இருக்கும்னுதாம்மா..."

"பெயிலானா அடிச்சா போடுவேன்? மீன் நாத்தத்துக்குள்ள நிக்கிறவளுக்குப் பெயிலுன்னா என்னன்னு தெரியாதுன்னு நெனச்சியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா தூய், போன மாசம் இவ லைப்ரரில இருக்கான்னு சொன்னியே. நல்ல பொண்ணு நீ."

நான் தேநீர் போட்டு வைத்தேன், அவர் தொடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். லுவா பின்னாலேயே பேருந்து நிலையம் வரை போனாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த அம்மா வெளியே பார்க்கவே இல்லையாம்.

அன்று மத்தியானம் லுவா லென்காவுக்கு எழுதினாள். பதில் மறுநாள் வந்தது. எங்கள் மொழியில் எழுதினால் உங்கள் ஊரில் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தேன், உன் மேல் பிரியத்தில்தான் எழுதினேன், படித்தவர்கள் எல்லோரும் அழுதிருக்கிறார்கள் பார், வேண்டுமானால் பேரை மாற்றிவிடுகிறேன் என்று இருந்தது. பேர் மாறியது. படத்தை எடுக்கச் சொல்லி இன்னும் மூன்று தடவை எழுதவேண்டி வந்தது.

கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்து அந்தக் கட்டுரையை நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். பொய்யாக ஒரு வரி இல்லை. வெள்ளைச் சட்டை, கண்ணாடி எல்லாம் இருந்தது. கடைக்காரம்மா சொன்ன பாராட்டும் இருந்தது, லுவா மாற்றிச் சொன்னபடியே.

"நல்லாத்தான் எழுதியிருக்கா, இல்லக்கா?" என்றாள் லுவா. "பெஞ்சுல உக்காந்து நான் அழுதப்போ இவ மனசுக்குள்ள எழுதிக்கிட்டு இருந்திருக்கா. கையப் பிடிச்சிருந்தாளேன்னு நெனச்சேன்."

விஷயம் குழுவுக்கும் போனது. அட்டையை ஒப்படைக்கும்படி இரண்டு வரியில் செய்தி வந்தது. அவள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கிக்கொண்ட பையன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். முதல் நாள் பயணிகளிடம் எப்படிப் பேசுவது என்று அவளிடம்தான் அவன் கற்றுக்கொண்டான்.

சாம் அம்மா, மற்றவர்கள் கேட்கும் முன்னால், சந்தையில் தானே சொல்லிவிட்டார்: "எம் பொண்ணு படிக்கல. செருப்புக்கடையில நிக்கிறா. யாருக்காவது என்ன?" புது வருஷத்துக்கு லுவா ஊருக்குப் போனாள். ஒட்டும் அரிசியை வாழையிலைபோல் ஓர் இலையில் கட்டி வேகவைக்கிற வேலையை அம்மாவும் மகளும் சேர்ந்தே செய்திருக்கிறார்கள். கயிறு எடு, தண்ணி ஊத்து என்பதற்கு மேல் பேச்சில்லை. இப்போது அம்மா போன் பண்ணுவது உண்டு. மழையைப் பற்றி விசாரிப்பார்.

நான் திருமணமாகி வேறு இடத்துக்குப் போய்விட்டேன். லுவா இப்போது அந்தக் கடையையே நடத்துகிறாள். வெளிநாட்டுப் பெண்கள் வந்தால் அவள்தான் பேசுவாள். அவ்வளவு நல்ல ஆங்கிலம் தெருவில் யாருக்கும் கிடையாது. எங்கே படித்தாய், அம்மா அப்பா எங்கே என்று யாராவது அன்பாகக் கேட்டால், எந்த அளவு செருப்பு வேண்டும் என்பாள்.

போன வருஷம் அவளுக்குக் கல்யாணம். எனக்கு நாலு நாளைக்கு முன்னால் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளையை அவளுக்கு மூன்று வருஷமாகத் தெரியும் என்று பந்தியில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.