அக்காவின் ரேஸுக்கு ஒரு வயர்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஸ்டிரைக் நடந்தது. ஓசூரில் ஸ்டிரைக் என்ன புதுசா என்று கேட்பீர்கள். இதில் யூனியனும் இல்லை, கொடியும் இல்லை. ஸ்டிரைக் செய்தது என் சரோஜா அக்கா. கோரிக்கை ஒன்றே ஒன்று — பவர் கேபிள்.

அக்காவுக்கு உத்தனப்பள்ளியில் தக்காளித் தோட்டம். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு, பிசியோதெரபிக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். டிவி சீரியல் பிடிக்காது. செல்போன் பார்த்தால் கண் எரிகிறது. மாடி அலமாரியில் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியை என் மனைவி ஒருநாள் விளையாட்டாக மாட்டிக் கொடுத்தாள். என் மகன் பள்ளியில் படித்தபோது வாங்கியது. அவன் இப்போது புனேயில் வேலைக்குப் போய்விட்டான்.

அக்கா கார் ரேஸில் இறங்கினாள். அப்புறம்... எழுந்திருக்கவே இல்லை!

வாழ்நாளில் டிராக்டர்கூட ஓட்டாதவள். வளைவில் பிரேக்கே போட மாட்டாள். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் கெட்டிக்காரி. “முதல்ல காலை மடக்குங்க, அப்புறம்தான் ரேஸ்” என்று ஒப்பந்தம் போட்டாள். முட்டி நன்றாக மடங்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டு எலி கேம் பெட்டியின் பவர் வயரைக் கடித்து வைத்தது.

“ஒரு வயர்தானே? சாயந்திரம் வாங்கிட்டு வர்றேன்” என்றேன். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில், பெட்டியின் மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். “சார், இது மியூசியத்துல வைக்க வேண்டிய ஐட்டம். புதுசு எடுத்துக்குங்க, இ.எம்.ஐ. போட்டுத் தர்றேன்” என்றார். வயர் கேட்டு வந்தவனைக் கடன்காரனாக்கி அனுப்புவதில்தான் நம் வியாபாரிகளுக்கு எத்தனை அக்கறை!

ஆன்லைனில் தேடினேன். ‘கேமர்களுக்கான பிரத்யேக கேபிள்’ என்று படம் போட்டிருந்தார்கள். வந்தது. பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே நன்றி அட்டை, ஸ்டிக்கர்... எல்லாம் இருந்தது. வயரின் வாய் மட்டும் கேம் பெட்டிக்குள் நுழையவில்லை.

பெங்களூருக்கே போய்விடுவது என்று கிளம்பினேன். அத்திப்பள்ளி டிராபிக்கில் நின்று நின்று போய்ச் சேர்ந்தால், அங்கே கடைக்காரர் மாடல் நம்பரைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஓசூரா சார்? எல்லா ஃபேக்டரியும் உங்க ஊர்லதானே இருக்கு... இங்க எதுக்கு வந்தீங்க?”

நியாயமான கேள்விதான்! சிப்காட்டில் ஒரு கேபிள் கம்பெனியில் இருக்கும் நண்பனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

“நாங்க போடறது பூரா எக்ஸ்போர்ட்டுப்பா. ஒண்ணு கேட்டா எப்படி? ஒரு கண்டெய்னர் கேளு, மேனேஜர்கிட்ட பேசறேன்.”

உலகத்துக்கெல்லாம் வயர் செய்கிற ஊரில் குடியிருக்கிறேன். அதில் ஒரு முழம் வாங்க வேண்டுமென்றால் நான் ஜெர்மனியில் பிறந்திருக்க வேண்டும்.

வெறுங்கையோடு திரும்பி வந்த என்னை அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வயர் வந்தாத்தான் காலை மடக்குவன். இல்லன்னா ஊருக்குப் போறன்.”

சொன்னபடியே செய்தாள். எக்ஸர்சைஸ் அடியோடு நின்றது. எங்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் சிரிக்கவில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, “சார், முட்டி இப்படியே இறுகிட்டா மறுபடி ஆஸ்பத்திரிதான். மயக்க மருந்து கொடுத்துதான் மடக்கணும்” என்றாள்.

பயந்துபோய் அக்காவிடம் கோபமாகவே கேட்டேன். “ஏங்க்கா, இந்த வயசுல ஒரு விளையாட்டுக்காகவா இவ்ளோ அடம்?”

அவள் முட்டியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “விளையாட்டு இல்லடா. காலை மடக்கறப்ப உசுரு போவுது. முடிஞ்சதும் அந்தக் காரை ஓட்டினா வலியே தெரியல. அது இல்லாம என்னால முடியாதுடா.”

வீட்டில் இத்தனை பேர் இருந்தும், அவளுக்கு வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்கோர் எவ்வளவு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“கெளம்பு, நானும் வர்றன்” என்றாள். கடித்துப்போட்ட வயரையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவள் தோட்டத்துக்கு மோட்டார் சாமான் வாங்கும் எலக்ட்ரிகல் கடைக்குப் போனோம். கடைக்காரர் கன்னடக்காரர், அக்காவுக்குப் பழக்கம். காரை நிறுத்திவிட்டு நான் வாக்கரை எடுத்து வருவதற்குள், அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு படி ஏறச் சொல்லி நாங்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை!

நான் வழக்கம்போல போனை எடுத்து, “இது பழைய மாடல் வீடியோ கேம் கன்சோல், இதுக்கு ஒரிஜினல் பவர் கேபிள்...” என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அக்கா என் கையைத் தள்ளிவிட்டு வயரை மேஜைமேல் போட்டாள். “அண்ணா, இதே தர வயர் இதெயா?” என்று கன்னடத்தில் கேட்டாள். இதே மாதிரி வயர் இருக்கிறதா — அவ்வளவுதான்.

அவர் அதன் வாயைத் திருப்பிப் பார்த்தார். எட்டு எழுதியது போல இருந்தது. “டேப் ரிக்கார்டர் வயர்தானே அக்கா?” என்றபடி, பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.

கட்டு கட்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும் சாதாரணச் சாமான். நான் ‘ஒரிஜினல்’, ‘கன்சோல்’, ‘மாடல்’ என்று பட்டம் சூட்டியதும் அது உலகத்திலேயே இல்லாத பொருளாகிவிட்டது. நம்மில் பாதிப் பேர் வேண்டியது கிடைக்காமல் அலைவதும் இப்படித்தானோ?

அன்றே எக்ஸர்சைஸ் தொடங்கியது. இந்த முறை நாங்கள் யாரும் தூரத்தில் நிற்கவில்லை. அவள் கால் மடக்கும்போது என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வாய்விட்டுக் கத்தினாள். கத்தி முடித்துவிட்டு ரேஸ் ஓட்டினாள்.

இப்போது முட்டி நன்றாகத் தேறி, அக்கா ஊருக்குப் போய்விட்டாள். பெட்டியும் கூடவே போய்விட்டது. நேற்று விசாரிக்கலாம் என்று உத்தனப்பள்ளிக்குப் போன் போட்டேன். மாமாதான் எடுத்தார்.

“அவ கடைசி ரவுண்டுல இருக்கறா மாப்ள... வையி, ஜெயிச்சா அவளே கூப்புடுவா!”