ரீலோட் கடைக்குப் போன கதைப்புத்தகம்

காகித விலை ஏறி, இரத்தினபுரியில் எங்கள் அச்சகம் நின்றுபோன காலையில் மழை பெய்துகொண்டிருந்தது. மெஷின் ஓடாத கூடத்தில் தகரக் கூரைச் சத்தம் மட்டும் கேட்டது. பக்க வடிவமைப்பிலேயே எனக்குத் தலை நரைத்திருந்தது. இனி இ-புக்தான் என்றார் முதலாளி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

முதல் இ-புக் சந்திராவின் சிறுகதைகள். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். இது விற்காவிட்டால் அவருடைய அடுத்த தொகுப்பு வராது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஃபைல் தயாரானது. ஃபோனைத் திருப்பினால் வரிகள் தாமாகவே நகர்ந்து உட்கார்ந்தன. கண்ணாடியில் வழியும் மழையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அச்சுப் புத்தகத்தின் பாதி விலை வைத்தோம். இணையத்தில் யாரும் வாங்கவில்லை. கால்வாசியாக்கினோம், அப்போதும் இல்லை. சும்மா கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. சந்திராவின் சம்மதம் கேட்கப் பஸ் ஏறினேன்.

இறப்பர் மரங்களுக்கிடையே பனிமூட்டம் கலையாமல் நின்றது. சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைமடுவத்தில் தொட்டில்கள் மெல்ல ஆடின. குழந்தைகள் எழுந்துவிடாதபடி சந்திரா தாழ்ந்த குரலில் பேசினார்.

"சும்மா குடுக்க வேணாங்க அக்கா. என் நாத்தனாரு வாங்கத்தான் பாத்துச்சு. காசு இருக்கு, கார்டு இல்ல. எங்க கட்டுறதுன்னு தெரியல."

விலையை மட்டுமே யோசித்திருந்தோம். திரும்பும் வழியில், கடைத்தெருவில் நிமல் என்பவரின், ஃபோனுக்குக் காசு ஏற்றிக்கொடுக்கும் ரீலோட் கடையில் நனைந்த குடைகளோடு ஆட்கள் காசு நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். காசை வாங்கிக்கொண்டு புத்தகத்தை ஃபோனுக்கு அனுப்ப வேண்டும், அவருக்கும் ஒரு பங்கு உண்டு. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஆட்கள் வழக்கமாகப் போடும் டேட்டா ரீலோட் தொகையையே புத்தகத்தின் விலையாக வைக்கலாம் என்று அச்சகத்துக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். அது கால்வாசி விலையைவிட அதிகம்.

"கூட்டினா ஆர் வாங்குவினம்?" என்றார் முதலாளி.

வாங்கினார்கள். மெதுவாக, ஒருவர் சொல்லி ஒருவராக. இப்போது சந்திராவின் இரண்டாவது தொகுப்பு என் மேசையில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விலை போடுமுன், வாசகர் காசோடு எங்கே வந்து நிற்கிறார் என்று போய்ப் பாருங்கள்.

போன மாதம் ரம்புக்கனையிலிருந்து ரயில் மலையேறும்போது மேகம் ஜன்னலுக்குள் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் ஃபோனில் சந்திராவின் கதை. ரயில் சுரங்கப்பாதைக்குள் போனதும் அந்த வெளிச்சம் மட்டும் இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஃபோனை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நான் தலையசைத்ததும்தான் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.