ஒட்ட வேண்டிய சோறு

போனில் பார்த்த கொரிய பீஃப் சோறு வேண்டும் என்றாள் மகள். மட்டாஞ்சேரி இறைச்சிக்கடையில் அரைக்கிலோ கொத்துக்கறி கேட்டேன். "கட்லெட்டுக்கா இத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார் கடைக்காரர். விளக்கப் பொறுமையில்லாமல் ஆமாம் என்றேன்.

பூண்டு, சர்க்கரை, சோயா சாஸ், நல்லெண்ணெய். பத்து நிமிடத்தில் கறி தயார். குச்சியால் எடுக்கச் சோறு மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அதில் எனக்குக் கவலையே இல்லை. கல்யாணமான நாள் முதல் என் சோறு குழைந்துதான் போகிறது. அதைச் சொல்லிக்காட்டாமல் என் கணவர் ஒருநாளும் கை கழுவியதில்லை.

அன்று அடுப்பை விட்டு நகராமல் நின்றேன். சோறு பொலபொலவென்று வந்தது. மகள் குச்சியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினாள். கணவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "பாத்தியா, மனசு வெச்சா வருதுல்ல" என்றார்.