எழுவாய் மறைந்து நிற்கும்

ஆங்கில இலக்கண வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. அவர் பேச்சில் கேள்விக்குறியைக் கண்டவர் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே, "உனக்கு என்னைப் பிடிச்சிருக்கு" என்று பின்னால் மனைவியான அந்தம்மாவிடம் அறிவித்த மனிதர்.

ட்யூட்டோரியலில் இருபத்தாறு வருடமாக வாக்கிய வகை நடத்தினார்: செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. உணர்ச்சிக்கு அரை பீரியட். கட்டளைக்கு மட்டும் குரல் தணியும். "'கதவைத் திற'ன்னு சொன்னா, திறக்கிற 'நீ' வாக்கியத்துல இருக்காது. ஆனா பக்கத்துலயே நிக்கும்."

வீட்டில் அந்த 'நீ' அவர் மனைவி. தண்ணி கொண்டா, ஃபேனைப் போடு, சட்டையைத் தேய். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஒரே ஒரு தடவை 'வர்றியா'ன்னு கேட்டுடுங்க மச்சான்," என்று மைத்துனன் போனில் படித்துப் படித்துச் சொன்னான். "அக்காவை நானே கொண்டாந்து விடுறேன்."

"யோசிக்கிறேன்" என்றார் வாத்தியார். செய்தி வாக்கியம்.

மூன்றாம் நாள் சாயங்காலம், விடைத்தாள் திருத்தியபடி பழக்க தோஷத்தில், "ஃபேனைப் போடு" என்றார். ஃபேன் சுற்றியது. தாள்கள் பறந்த பிறகுதான் வீட்டில் ஆளில்லை என்பது உறைத்தது.

கரண்ட் கோளாறாக இருக்கும். சோதித்துப் பார்க்க, "தண்ணி" என்றார். சமையலறையில் குழாய் திறந்தது. டம்ளர் வந்ததை அவர் பார்க்கவில்லை. திரும்பியபோது மேசையில் இருந்தது. மனைவி வைப்பது போலவே, விளிம்புக்கு ஒரு விரல் குறைவாக நிரம்பி.

'போ' என்று சொல்ல வாயெடுத்து விழுங்கினார். அந்த 'நீ' மனைவியாகவும் இருந்து தொலைத்தால், அவள் ஒரேயடியாகப் போய்விடுவாளே.

மனைவிக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க."

'வர்றியா' தொண்டை வரை வந்தது. நாக்கு புரளவில்லை. இருபத்தாறு வருடத் துரு.

"வீட்டுக்கு வா" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால், சமையலறையிலிருந்து பதில் வந்தது. "வந்துட்டேங்க."

அது போனிலும் கேட்டிருக்க வேண்டும். மனைவி மெதுவாக, "அது என் குரலுங்க," என்றாள். "அப்ப நான் எதுக்கு?"

இணைப்பு அறுந்தது.

வாத்தியார் சமையலறை வாசலைப் பார்த்து, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வினா வாக்கியம் சொன்னார்.

"யாரு?"

"கேள்வியெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க," என்றது உள்ளேயிருந்து, வெகு பணிவாக. "என்ன செய்யணும்னு சொல்லுங்க."